சிரமதானமும் சமாதானமும்: சர்வமத ஒன்றுகூடல் என்றால் என்ன?

2018 பெப்ரவரி மாதக் கடைசி. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை. இரவுச் சாப்பாட்டுக்கு வந்த சிங்கள வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் சாப்பாட்டில் ஏதோ கட்டி கிடப்பதைப் பார்த்தார்கள். "இதில் மலட்டு மாத்திரை போட்டிருக்கிறாயா?" என்று காசாளரிடம் சிங்களத்தில் கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கோபத்தோடு சூழ்ந்து நின்றவர்களுக்கு நடுவில், ஆமாம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டார். அது கைப்பேசியில் பதிவாகி முகநூலில் பரவியது. அன்று இரவே கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்தது. கிடந்தது வெறும் மாவுக் கட்டி. அப்படிச் சாப்பாட்டில் கலந்து ஒருவரை மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை என்பதை மருத்துவர்களும் சொன்னார்கள். சொல்லி என்ன, அடுத்த வாரமே கண்டிப் பக்கம் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம் வரும். இரண்டு மொழியும் தெரிந்த, இரண்டு பக்கத்துக்கும் முகம் தெரிந்த ஒருவர் அந்தக் கடை வாசலில் நின்றிருந்தால்? "கொஞ்சம் பொறுங்கள் தம்பி, நீங்கள் கேட்டது அவருக்கு விளங்கவில்லை" என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால்? அப்படிப்பட்ட ஆளைக் கல் பறக்கத் தொடங்கிய பிறகு தேடிப் பிடிக்க முடியாது. ஊர் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே அவரும் அவரைப் போன்ற பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் பழகியிருக்க வேண்டும். சர்வமத ஒன்றுகூடல், சர்வமதச் சேவை என்று சொல்கிறோமே, அது இந்தப் பழக்கத்தை உண்டாக்கும் வேலை.

இலங்கையில் 'சர்வமத' என்கிறோம். தமிழ்நாட்டில் 'மத நல்லிணக்க' என்பார்கள். வெவ்வேறு மதத்தார், அவரவர் நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, ஊருக்குப் பொதுவான ஒரு காரியத்துக்காகக் கூடுவதுதான் இரண்டுக்கும் பொருள். முதன்முதலாக அழைக்கப்படுகிறவர்களுக்குள் ஒரு பயம் இருக்கும். எல்லா மதமும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்வார்களோ, மற்றவர் சாமியைக் கும்பிடச் சொல்வார்களோ, நைசாக மதம் மாற்றப் பார்ப்பார்களோ என்று. நியாயமான பயம். நல்ல ஒன்றுகூடலில் இந்த மூன்றுக்கும் இடமில்லை என்பதை அழைக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மௌலவி மௌலவியாகவே வருகிறார், மௌலவியாகவே திரும்பிப் போகிறார். ஐயரும் ஃபாதரும் பிக்குவும் அப்படித்தான்.

இந்த யோசனை பழையது. 1893 செப்டம்பரில் சிக்காகோவில் உலகச் சமயங்களின் மாநாடு கூடியது. விவேகானந்தர் பேசிய மேடை என்று நமக்கெல்லாம் தெரியும். ஐக்கிய நாடுகள் சபை 2010இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஒவ்வொரு பெப்ரவரியின் முதல் வாரத்தையும் சமய நல்லிணக்க வாரமாக அறிவித்தது. யோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்வைத்த யோசனை அது.

ஆனால் நம் நாட்டுக்கு இதை வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லையே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். சிவனொளிபாதமலை உச்சியில் இருக்கும் தடத்தைப் பௌத்தர் புத்தரின் பாதம் என்கிறார்கள், சைவர் சிவனுடையது என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதமுடையது என்கிறார்கள், கிறிஸ்தவரில் சிலர் புனித தோமாவுடையது என்கிறார்கள். கதிர்காமத்தில் முருகன் கோயில் இருக்கும் அதே புனித வளாகத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது, கிரிவெஹெர என்ற பௌத்தத் தாதுகோபமும் இருக்கிறது. மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கும் சைவக் குடும்பங்கள் எத்தனையோ.

இவ்வளவும் இருந்தும் 1983இல் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தது. அதன் பிறகும் எத்தனையோ நடந்தன.

ஏன்? ஒரே மலையில் ஏறுகிறோம், ஆனால் அவரவர் கூட்டத்தோடு ஏறி அவரவர் பஸ்ஸில் திரும்பிவிடுகிறோம். பக்கத்தில் இருப்பது வேறு, சேர்ந்து ஒன்றைச் செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே இந்திய நகரங்களை இரண்டிரண்டாக வைத்து ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். இந்து, முஸ்லிம் விகிதம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் கலவரம் திரும்பத் திரும்ப வந்தது, கேரளத்தின் கோழிக்கோட்டில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பண்டிகைப் பலகாரம் கொடுத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் பெரிய நெருக்கடி வந்தால் அது மட்டும் தாங்காது என்பது அவர் கண்டது. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரண்டு தரப்பும் கலந்திருக்கும் அமைப்புகள் இருந்த ஊர்கள்தான் தாங்கின. இது என்னை நிறைய யோசிக்க வைத்த விஷயம். வட்டிலப்பம் வாங்கிச் சாப்பிட்டாயிற்று, பொங்கல் கொடுத்தாயிற்று, இனி என்ன என்று கேட்க வைத்தது.

மேடையும் மண்வெட்டியும்

சர்வமத நிகழ்ச்சி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது மேடை. நான்கு மதகுருமார் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். விளக்கேற்றல், ஆசியுரை, பொன்னாடை, கடைசியில் குழுப்படம். இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. தன் ஊர் மௌலவியும் விகாராதிபதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்க்கும் ஒரு சாதாரண மனிதருக்கு, "அப்போ நானும் அவர்களோடு பழகலாம்" என்ற அனுமதி கிடைக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட பிறகு, கத்தோலிக்க மக்கள் பழிவாங்கக் கிளம்பக் கூடாது என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் கேட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் அந்தக் குரலுக்கு இருந்த கனத்தை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் மேடைக்குக் கீழே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசாமலே வீட்டுக்குப் போய்விடலாம். அதுதான் குறை. அந்தக் குறையைத் தீர்க்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் சிரமதானம்.

1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பேரால் மற்றவர்கள் ஒதுக்கி வைத்திருந்த மக்களின் ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு மண் வெட்டினார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். பெயர் காந்தியிடமிருந்து வந்தது, அடிப்படை பௌத்தத்திலிருந்து. அப்புறம் தமிழ், முஸ்லிம் கிராமங்களுக்கும் அது போனது. தமிழில் நாம் இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலும் சங்கத்திலும் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'சிரமதானம்' இப்படித்தான் ஊர் ஊராகப் பரவிய சொல். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. காசு இல்லாதவனும் கொடுக்கக்கூடிய தானம் என்பதுதான் அதன் அழகு.

சர்வோதய முகாமில் நாளின் தொடக்கத்திலும் இடையிலும் குடும்பச் சந்திப்பு என்று ஒன்று நடக்கும். எல்லோரும் கூடி உட்கார்ந்து, அங்கே இருக்கும் ஒவ்வொரு மதத்தவரும் தங்கள் வழிபாட்டைச் சுருக்கமாகச் செய்வார்கள். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அன்றைய வேலை என்ன, நேற்று எங்கே தவறியது என்ற பேச்சு, பாட்டு. பதவியைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணன், தம்பி, அக்கா, அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். சிங்களத்திலும் அக்கா அக்காதான். இந்த ஒரு சொல்லிலேயே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

இனி வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாதை போடவோ குளம் தூர்வாரவோ முப்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு முனையில் மண்வெட்டி, மறுமுனையில் கரை. மண் நிரம்பிய தாச்சி, அதாவது மண் அள்ளும் இரும்புச் சட்டி, கைமாறிக் கைமாறிப் போகிறது. வெறும் தாச்சி எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருகிறது. இதில் ஒரு சங்கதி உண்டு. தாச்சியை வாங்க வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அவர் களைத்துவிட்டாரா, கை வழுக்குகிறதா என்று கவனித்தே ஆக வேண்டும். கொடுக்கிறவர் வேகம் கூடினால் வாங்குகிறவர் தடுமாறுவார். ஒரு பத்து நிமிடத்தில் வரிசை முழுவதும் தானாக ஒரே தாளத்துக்கு வந்துவிடும். தலையில் தொப்பி போட்டவர், நெற்றியில் திருநீறு பூசியவர், கழுத்தில் சிலுவை போட்டவர் எல்லோர் மீதும் ஒரே சேறு. "நாங்கள் பாதையை அமைக்கிறோம், பாதை எங்களை அமைக்கிறது" என்பது சர்வோதயத்தார் சொல்லும் வாசகம். அந்த வரிசையில் அரை மணி நேரம் நின்ற யாருக்கும் அதற்கு உரை தேவையில்லை.

1983 கலவரத்துக்குப் பிறகு, அந்த ஆண்டுக் கடைசியில், தெற்கே கதிர்காமத்திலிருந்து வடக்கே நயினாதீவு வரை ஒரு அமைதி நடைப்பயணத்தை ஆரியரத்ன தொடங்கினார். அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் அது தொடக்கத்திலேயே நின்றுபோனது. 2002 போர்நிறுத்தம் வந்தபோது தெற்குக் கிராமங்களை வடக்குக் கிழக்குக் கிராமங்களோடு இணைத்து, தெற்கிலிருந்து வந்தவர்கள் வடக்குக் கிழக்கில் வீடும் வழிபாட்டிடமும் திருத்திக் கொடுக்கும் வேலை நடந்தது. போர் மறுபடி மூண்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சிரமதானம் ஒரு நாட்டின் அரசியலைத் தனியே திருத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசியல் தீர்வு வர வேண்டிய இடத்தில் அரசியல் தீர்வுதான் வர வேண்டும். ஆனால் ஊருக்குள் அண்டை அயலுக்கு நடுவில் நெருப்பு பற்றாமல் பார்த்துக்கொள்ள இதனால் முடியும். 2024 ஏப்ரலில், தன் 92ஆவது வயதில் இறக்கும்வரை ஆரியரத்ன அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இது ஏன் வேலை செய்கிறது?

ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்த கோர்டன் ஆல்போர்ட் 1954இல் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். இரண்டு கூட்டத்தார் சும்மா சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது. சில சமயம் கூடவும் செய்யும். குறைய வேண்டுமானால் நான்கு நிபந்தனை வேண்டும்: அந்த இடத்தில் எல்லோரும் சமமாக இருக்க வேண்டும், குறிக்கோள் பொதுவாக இருக்க வேண்டும், ஒருவர் கை இல்லாமல் மற்றவர் முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும், பெரியவர்களின் ஆதரவு இருக்க வேண்டும். தாச்சி கைமாறும் வரிசையை மறுபடி நினைத்துப் பாருங்கள். நான்கும் அதில் இருக்கின்றன. 2006இல் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பழக்கம் பெரும்பாலும் வெறுப்பைக் குறைக்கிறது என்றே தெரிந்தது.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. ஈராக்கின் வடக்கில் ஐ.எஸ். தீவிரவாத இயக்கத்தின் போரால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் உதைபந்தாட்டக் குழுக்கள் சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது, 2020இல் வெளியானது. முஸ்லிம் சகாக்களோடு ஆடிய கிறிஸ்தவர்கள், ஆட்டம் முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்வது கூடியிருந்தது. ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களோடு பழகும் விதத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. எனக்கு இது சோர்வு தரவில்லை. ஒரு நாள் நிகழ்ச்சி போதாது, ஒரு குழு போதாது, ஊருக்குள் பல வரிசைகள் வேண்டும் என்றுதான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பல வரிசைகள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பிவண்டி நல்ல சாட்சி. விசைத்தறி ஊர். 1970இலும் 1984இலும் அங்கே கொடிய கலவரங்கள் நடந்தன. 1988இல் அங்கே பொலிஸ் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்படே, பகுதிக்குப் பகுதி இந்துக்களும் முஸ்லிம்களும் சமமாக இருக்கும் மொஹல்லாக் குழுக்களை, அதாவது குடியிருப்புப் பகுதிக் குழுக்களை, அமைத்தார். அவை கூடிப் பேசியது தத்துவம் ஏதும் இல்லை. குழாய்த் தண்ணீர், தெருச் சண்டை, வாடகைத் தகராறு போன்ற அன்றாடத் தொல்லைகள். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு மும்பை எரிந்தது. பிவண்டி எரியவில்லை.

உங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தால்

முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள். கோயிலையோ பள்ளிவாசலையோ துப்புரவாக்குவதில் தொடங்க வேண்டாம்; அது இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு. எல்லோருக்கும் பொதுவான இடம்தான் முதலில் நல்லது. ஆஸ்பத்திரி வளவு, பாடசாலைக் கிணறு, பஸ் தரிப்பிடம், நூலகம். மழைக்காலம் வருமுன் டெங்கு நுளம்பு பெருகும் கான்களைத் துப்புரவாக்குவது என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். நுளம்புக்கு மதம் கிடையாது.

நாள் குறிப்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெள்ளி நண்பகல் ஜும்ஆ. வெள்ளி மாலை கோயில். ஞாயிறு காலை தேவாலயம், பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை. போயா தினத்தில் பௌத்தர்கள் சில் எடுப்பார்கள். பெரும்பாலும் சனிக்கிழமை காலைதான் மிஞ்சும். நோன்பு மாதத்தில் வெயிலில் மண் வெட்டக் கூப்பிடுவது சரியில்லை; அந்த மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கஞ்சி காய்ச்ச மற்றவர்கள் கைகொடுக்கலாம்.

சாப்பாடு பெரிய விஷயம். ஹலால் இறைச்சி ஒரு பானை, மற்றது ஒரு பானை, சைவம் தனி என்று வைத்தால், காலையெல்லாம் சேர்ந்து நின்றவர்கள் மத்தியானம் மூன்று வட்டமாகப் பிரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன், மனது வலிக்கும். எல்லோருக்கும் ஒரே சைவச் சாப்பாடு வையுங்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ஒரு வறை. சம்பலில் மாசிக் கருவாடு போட வேண்டாம் என்று சமைப்பவரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். அது கைப்பழக்கத்தில் விழுந்துவிடும், விரதக்காரர் இலையைத் தள்ளி வைத்துவிடுவார். சமைப்பதும் ஒரே அடுப்பில், கலந்த கைகளால் நடக்கட்டும். தேங்காய் துருவிக்கொண்டே பெண்கள் பேசும் பேச்சு, மேடையில் ஆண்கள் பேசுவதைவிட ஆழமாகப் போகும். இந்த ஒன்றுகூடல்களில் பெரும்பாலானவை வயதான ஆண்களின் கூட்டமாகவே முடிந்துவிடுவது எனக்கு நீண்டநாள் வருத்தம். வதந்தியை வாட்ஸ்அப்பில் முதலில் பார்ப்பது இளைஞர்கள். அடுத்த வீட்டுக்குப் போய் உண்மை என்னவென்று கேட்கக்கூடியவர்கள் பெண்கள். இவர்கள் இரண்டு பேரும் குழுவில் இல்லாவிட்டால் குழு இருந்தும் பயன் குறைவு.

குத்துவிளக்கு ஏற்றுவது நமக்குச் சாதாரணம். முஸ்லிம்கள் பலருக்கும், கிறிஸ்தவரில் சில சபையினருக்கும் அது வழிபாடுபோலத் தோன்றும். மரியாதைக்காக எழுந்து வந்து திரியைத் தொடும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் சங்கடத்தைக் கவனித்தால் தெரியும். ஒரு மரக்கன்று நட்டுத் தொடங்கினால் யாருக்கும் நெருடல் இல்லை, ஒரு மரமும் மிஞ்சும். பிரார்த்தனையும் அப்படித்தான். எல்லோரும் சேர்ந்து சொல்லும் கலவைப் பிரார்த்தனை வேண்டாம். ஒருவர் தன் முறையில் சொல்லட்டும், மற்றவர்கள் மரியாதையோடு மௌனமாக இருக்கட்டும்.

காசு சேர்ந்தால் கணக்கை இரண்டு மதத்தவர் கையெழுத்தில் வையுங்கள். வெளி நிறுவனம் உதவ முன்வந்தால் ஏற்கலாம், ஆனால் அந்தத் திட்டம் முடிந்த அன்று குழுவும் முடிந்துபோன ஊர்கள் ஏராளம். அகப்பை, மண்வெட்டி, தாச்சி எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த குழுக்கள்தான் நிலைத்து நிற்கின்றன. அரசியல்வாதி வர விரும்பினால் வரட்டும், மண்வெட்டியோடு.

ஆட்கள் கலைந்து போகுமுன், பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கால் மணி நேரத்திலேயே அடுத்த நாளைக் குறித்துவிடுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று விட்டால் பிறகு வராது. கூடவே ஒரு கொப்பியைச் சுற்றிலும் கொடுங்கள். பெயர், தெரு, தொலைபேசி எண் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு போட வேண்டும். ஒன்றில், எந்தெந்த மொழி பேச வரும் என்று. மற்றதில், இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் சந்திக்கு வரக்கூடியவரா என்று.